நர்சம்மாவிடம் கேளுங்கள்

(கரிசல் காட்டு ஊர்களில் 1985 முதல் 34 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: எங்கள் ஊரில் விஷக்கடிக்குப் பார்வை பார்க்கும் தாத்தா ஒருவர் இருக்கிறார். காசு வாங்க மாட்டார். வேப்பிலையால் தடவி மந்திரிப்பார், மிளகைக் கொடுத்து மெல்லச் சொல்வார். காரம் தெரிந்தால் விஷம் இல்லை என்று அர்த்தம். போன மாதம் என் சித்தப்பாவைப் பாம்பு கடித்தது. அவரிடம்தான் கூட்டிப் போனார்கள், பிழைத்துக்கொண்டார். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று நான் சண்டை போட்டேன். "பிழைச்சாரா இல்லையா, அதைச் சொல்லு" என்கிறார்கள். நான் என்ன சொல்ல?
– ஒரு வாசகர், கமுதி பக்கம்

பதில்: தம்பி, சித்தப்பா பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம். தாத்தாவைத் திட்டாதீர்கள். அவரிடம் போனவர்களில் பெரும்பாலானோர் பிழைத்திருப்பார்கள், அது பொய்யில்லை. நம் காட்டில் திரிகிற பாம்புகளில் சாரை, தண்ணீர்ப்பாம்பு என்று ஆளைக் கொல்லாதவைதான் அதிகம். நல்ல பாம்பேகூடச் சில நேரம் பல்லை மட்டும் பதித்துவிட்டு, விஷத்தை இறக்காமல் போய்விடும். இத்தனை பேருக்கும் மிளகு கொடுத்தால் மிளகுக்குத்தான் பெயர் வரும்.

ஆளைக் கொல்பவை முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள்தான்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 1991, புரட்டாசி மாதம். பதினொரு வயசுப் பெண் பிள்ளை, திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைப் பிசைகிறது என்று எழுந்திருக்கிறாள். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். நான்கு மணிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிட்டார்கள். எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்த பிறகுதான் யாருக்கோ சந்தேகம் வந்து, பார்வை பார்க்கிறவரிடம் தூக்கிப் போனார்கள். அவர் மிளகு கொடுத்தார். அந்தப் பிள்ளையால் மெல்லவே முடியவில்லை. என் வீட்டுக் கதவைத் தட்டியபோது ஐந்தரை மணி. உடம்பில் கடிவாய் எங்கே என்று தேடினேன், தட்டுப்படவே இல்லை. கட்டுவிரியன் அப்படித்தான். ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், கொசு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது, வீங்காது. அப்போது 108 ஏது? தமிழ்நாட்டில் அது ஓடத் தொடங்கியதே 2008 செப்டம்பரில்தான். பால் வண்டியில் ஏற்றினோம். டவுன் எல்லைக்குள் நுழையும்போது என் மடியில் மூச்சு நின்றுபோனது.

அதற்கப்புறம் யார் என்னிடம் வந்தாலும் முதலில் "என்ன ஆச்சு" என்று கேட்கிற பழக்கம் போய்விட்டது. "எத்தனை மணிக்கு ஆச்சு, எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க" என்றுதான் வாயில் வரும்.

பார்வை பார்த்த அந்த மனிதரும் சாப்பிடாமல் இரண்டு நாள் கிடந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. "ஐயா, நீங்க மந்திரிங்க, வேண்டாம்னு சொல்லல. வண்டியில உட்கார்ந்து மந்திரிங்க" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மணிக்கட்டில் அவர் கட்டுகிற மஞ்சள் கயிற்றை ஆஸ்பத்திரியில் அறுக்கக் கூடாது. இறுக்கமில்லாத சின்னக் கயிறு, அதனால் எனக்கு என்ன நஷ்டம்? சரி என்றேன். அதற்கடுத்த வருஷங்களில் அவர் தன் கையால் வண்டியேற்றி விட்டவர்கள் ஏழு பேர். நான்கு தடவை அவரே கூட வந்தார். உங்கள் தாத்தாவிடமும் இப்படி ஒரு பேச்சுவார்த்தை நடத்திப் பாருங்கள். ஊரில் அவர் சொன்னால்தான் கேட்பார்கள், உங்களைச் சின்னப் பையன் என்பார்கள்.

இனி செய்ய வேண்டியது. கடிவாய்க்கு மேலே துண்டை முறுக்கி இறுக்கிக் கட்டாதீர்கள், கால் அழுகும். பிளேடால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையலைக் கழற்றுங்கள், வீங்கின பிறகு கழலாது. எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போல ஒரு கட்டையை வைத்து, ஆடாமல் அசையாமல் படுக்க வையுங்கள். நடக்க விடாதீர்கள். பாம்பைத் தேடிக் கம்பெடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், இரண்டாவது ஆளும் கடிபடுவார். நம் ஊரில் கிடைக்கிற விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புக்கும் சேர்த்தே செய்தது, அதனால் பாம்பைக் கொண்டு போக வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போடாமல் ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் சும்மா இருப்பார்கள். "பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க" என்று கத்தாதீர்கள். ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பதுதான் அது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ஏறியிருந்தால் உறையாது.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பாம்பிடமிருந்து எடுத்துக் கொடுப்பவர்கள் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள். 1978-இல் தொடங்கிய சங்கம். பிடித்து, விஷத்தைக் கறந்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது நான் டிவி முன்னால் எழுந்து நின்றேன், பேரன் சிரித்தான். தாத்தாவிடம் இதையும் சொல்லுங்கள். மந்திரம் தெரிந்தவர்களுக்குப் பாம்பு தெரிந்தவர்கள் மேல் ஒரு மரியாதை உண்டு.

தரையில் படுப்பதை ஒரேயடியாக விட முடியாது, தெரியும். கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுங்கள். கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது.

கேள்வி: நாய் லேசாகத்தான் கீறியது. சுண்ணாம்பு வைத்திருக்கிறோம். ஊசி போட வேண்டுமா?
– ஒரு வாசகி, எட்டயபுரம் பக்கம்

பதில்: வேண்டும். இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன், போடவில்லையென்றால் இன்றைக்கே போங்கள். சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிஷம் என்பது ரொம்ப நேரம், ஒரு உலை கொதிக்கிற நேரம். கீறி ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு மருந்தும் உண்டு, கேட்டு வாங்குங்கள். தோலில் போடுகிற ஊசி என்றால் முதல் நாள் (அதைக் கணக்கில் 0 என்று வையுங்கள்), அப்புறம் 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். மூன்றாவதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் நிறைய. 28-ஆம் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வெறிநாய்க்கடி நோய் வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை.

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள். மாமியார் தினமும் உரை மருந்து கொடுக்கிறார், குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுகிறார். பிறந்த அன்றைக்கே "சேனை வைக்கணும்" என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். நான் எதிர்த்துப் பேசினால் "எட்டுப் பிள்ளை வளர்த்தவ நான்" என்கிறார். என் கணவர் வாயே திறப்பதில்லை.
– ஒரு வாசகி, சாத்தூர் பக்கம்

பதில்: தாயி, முதலில் எண்ணெய். மூக்கில் விடுகிற எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போகும், அங்கே தங்கிச் சளிக்காய்ச்சலாக மாறும். நெஞ்சு உள்ளே இழுத்து இழுத்து மூச்சு வாங்குகிற பிள்ளைகளைத் தூக்கி வருவார்கள். "குளிப்பாட்டினது யாரு" என்று கேட்டால் பாட்டி பின்னால் போய் நின்றுகொள்வார். மூக்கு, காது, கண் எதிலும் எண்ணெய் வேண்டாம். வெளியே தேய்த்துக் காலை நீட்டிக் குளிப்பாட்டட்டும், அதில் அவருடைய கையை மிஞ்ச முடியாது.

சேனை நடந்து முடிந்துவிட்டது, அதை விடுங்கள். யார் தொட்டு வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று ஊரில் நல்ல பேர் எடுத்தவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவார்கள். சில ஊரில் கழுதைப் பால். அந்த ஆள் வந்து சேருகிற வரைக்கும் தாய்ப்பால் கொடுக்காமல் காத்திருந்ததுதான் எனக்கு ஆத்திரம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும், மஞ்சளாகக் கெட்டியாக இருக்கிறது என்று பீய்ச்சி ஊற்றக் கூடாது. தேன் மட்டும் ஒரு வயசு வரைக்கும் நாக்கில் வைக்கவே வேண்டாம்.

உரை மருந்து கொஞ்சம் சிக்கலான விஷயம். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, அப்புறம் அந்தப் பேர் சொல்லாதது (வசம்பை எழுதினால் பலிக்காதாம், எழுதிவிட்டேன்). என் அம்மா எனக்குக் கொடுத்தார், நானும் குத்துக்கல்லாக இருக்கிறேன். ஆனால் ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்பதில் நான் இறங்கி வர மாட்டேன். உரைக்கிற கல்லும், உரைக்கிற விரலும், கலக்குகிற தண்ணீரும்தான் பெரும்பாலும் வயிற்றுப்போக்குக்குக் காரணம். நான் மாமியார்களிடம் சொல்கிற வழி ஒன்று உண்டு: "ஆறு மாசம் பொறுங்க, அதுக்கப்புறம் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுறது உங்க கைதான்." அந்த உரிமையைக் கொடுத்துவிட்டால் பாதிப் பேர் கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். மீதிப் பாதிப் பேர் நாம் அந்தப் பக்கம் போனதும் உரைப்பார்கள்.

எட்டுப் பிள்ளை வளர்த்தேன் என்கிறாரே, எத்தனை பெற்றார் என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சண்டைக்காக இல்லை. அந்தக் காலத்துப் பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், பேர் வைப்பதற்கு முன்னால் போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை. என்னிடம் அப்படி அழுத ஒரு மாமியார்தான் அந்தத் தெருவில் தடுப்பூசிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற ஆளாக ஆனார்.

உங்கள் கணவருக்குத் தனியாக ஒரு வரி: தம்பி, வாயைத் திற.

கேள்வி: நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. போனில் கேட்டால் "சாப்பிட்டேன்பா" என்பார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்தால், துவரம்பருப்பு டப்பாவில் ஏழு மாத மாத்திரை அட்டை அப்படியே இருக்கிறது.
– ஒரு வாசகர், சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம்

பதில்: ஏழு மாதம்தானா? நான் ஒரு வீட்டில் ஒன்றரை வருஷத்து மாத்திரையை மஞ்சப்பையோடு எடுத்திருக்கிறேன். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது நான் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடித்துப் போய், வெயிலில் வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை விட்டு மாத்திரை வாங்கிய கூட்டத்தைப் பார்த்தவள் நான். அதனால் வீடு தேடி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஆனால் வாசல் வரைக்கும்தான் திட்டம் வரும். வாய்க்குள் போடுவது யார்?

திட்டாமல், ஏன் சாப்பிடவில்லை என்று கேளுங்கள். நான் கேட்ட பதில்களைச் சொல்கிறேன். ஒன்று, கால் வீக்கம். பிரஷருக்குக் கொடுக்கிற அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அதற்கு மாத்திரையை மாற்றிக் கொடுக்கச் சொல்ல வேண்டும், நிறுத்தக் கூடாது. வீக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், டாக்டர் பார்க்கட்டும். இரண்டு, சர்க்கரை மாத்திரை போட்டால் கிறுகிறுக்கிறது. காலையில் வெறும் காபி, பதினொரு மணிக்குத்தான் கஞ்சி என்றால் சில மாத்திரைக்குக் கிறுகிறுக்கத்தான் செய்யும். மாத்திரையைக் கஞ்சி நேரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் பேசுங்கள். மூன்று, "எனக்கு ஒண்ணும் பண்ணலியே, எதுக்கு மாத்திரை?" பிரஷர் சத்தம் போடாது என்பதுதான் பிரச்சினையே. நான்காவதை யாரும் எழுத மாட்டார்கள்: எதிர்வீட்டு அக்காவுக்குத் தலைசுற்றல் என்று இரண்டு அட்டை கடன் கொடுத்திருப்பார். கிராமத்தில் மாத்திரையும் மோரும் ஒன்றுதான், கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொன்று உண்டு, எழுதலாமா என்று யோசித்தேன். மாத்திரை கொண்டு வருகிற பெண்தான் அந்த மாதம் முழுக்க உங்கள் அம்மா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்கிற ஒரே ஆளாக இருக்கலாம். சாப்பிடவில்லை என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாளோ, அடுத்த தடவை வாசலோடு போய்விடுவாளோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். உங்களிடமும் அதே கதைதான்.

போனில் "சாப்பிட்டாயா" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன குழம்பு" என்று தொடங்கி, வீடியோவில் காலி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள்: காலையில் போகும்போது ஆச்சியிடம் காலி அட்டையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். மாதம் ஒரு பேனா வாங்கிக் கொடுத்தால் போதும். பழைய ஏழு மாத மாத்திரையை இப்போது எடுத்துப் போட ஆரம்பிக்க வேண்டாம். முதலில் பிரஷரும் சர்க்கரையும் இப்போது எவ்வளவு என்று பார்த்துவிட்டு, டாக்டர் சொல்கிற அளவில் புதிதாகத் தொடங்கட்டும்.

கேள்வி: அம்மை போட்டிருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆத்தா கோபிப்பாளா?
– ஒரு வாசகி, கயத்தாறு பக்கம்

பதில்: என் அனுபவத்தில் கோபித்ததில்லை. வேப்பிலை கட்டுங்கள், விளக்கு ஏற்றுங்கள், வீட்டில் தாளிக்காமலும் இருங்கள். கூடவே இளநீர், மோர், கஞ்சி என்று நிறையக் குடிக்கக் கொடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர், பிறந்த குழந்தை, வயதானவர், மூச்சு வாங்குகிறவர், பிதற்றுகிறவர் என்றால் மூன்றாம் தண்ணீருக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள். பெரியவர்களுக்கு முதல் நாளே தொடங்கினால் வேலை செய்கிற மாத்திரை இருக்கிறது, ஐந்தாம் நாள் போனால் அதற்குப் பலன் குறைவு.

கேள்வி: நாங்கள் பதினைந்து பெண்கள் ஒன்றாகக் களையெடுக்கப் போகிறோம். அதில் ஆறு பேருக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு. மாத்திரை சாப்பிட்டால் போகிறது, திரும்ப வருகிறது. சூடு என்கிறார்கள். வெந்தயம் குடித்துப் பார்த்தாயிற்று.
– ஒரு வாசகி, முதுகுளத்தூர் பக்கம்

பதில்: தாயி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், காலையில் எத்தனை மணிக்குக் கடைசியாகத் தண்ணீர் குடித்தீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. நானே சொல்கிறேனே. விடியற்காலை நான்கரைக்கு இருட்டோடு இருட்டாக ஒதுங்கிவிட்டு வருவீர்கள். அதற்கப்புறம் ஒரு டம்ளர் காபி. காட்டில் ஒதுங்க இடமில்லை, பக்கத்துப் பிஞ்சையில் ஆம்பளைகள் இருக்கிறார்கள், அதனால் தண்ணீர் குடிக்க மாட்டீர்கள். பொழுது சாய்ந்து இருட்டுகிற வரைக்கும் அடக்குவீர்கள். சித்திரை வெயிலில் பதினான்கு மணி நேரம். சூடுதான், ஆனால் உடம்புச் சூடு இல்லை. தண்ணீர் போகாத பையில் கிருமி குடியிருக்கிறது.

எங்கள் பக்கம் 2017-இல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து சீமைக்கருவேலத்தை வெட்டினார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் கைதட்டினேன். ஒரு மாதம் கழித்து நீர்க்கடுப்பு என்று வருகிற பெண்கள் கூடியிருந்தது என் நோட்டில் தெரிந்தது. ஏன் என்று ஒரு கிழவிதான் சொன்னாள்: "அந்த முள்ளுதானம்மா எங்களுக்கு மறைப்பு." முப்பது வருஷம் அதே ஊரைச் சுற்றிய எனக்கு அது உறைக்கவில்லை. வெட்டச் சொன்னவர்களுக்கும், வெட்டியவர்களுக்கும், கைதட்டிய எனக்கும் அந்தக் காட்டில் ஒதுங்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

உங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கும். 12,000 ரூபாய் மானியத்தில் கட்டிய அறை. அதில் என்ன இருக்கிறது? விறகா, ஆட்டுக்கு வெட்டிய தழையா, பழைய சைக்கிளா? கோபப்படாமல் சொல்லுங்கள். குழி நிறைந்துவிடும் என்ற பயத்தில், விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரட்டைக் குழி என்றால் ஒன்று நிறையவே சில வருஷம் ஆகும். நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும், மூடிய குழி மெல்ல மக்கி எருவாகிவிடும். அதனால் தைரியமாகப் பயன்படுத்துங்கள்.

ஆனால் அது வீட்டுக் கதை, காட்டுக்கு என்ன வழி? நூறு நாள் வேலைக்குக் குடிநீரும் பிள்ளைகளுக்கு நிழலும் முதலுதவிப் பெட்டியும் இருக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதினார்கள். தனியார் காட்டுக் களையெடுப்புக்கு அதுவும் இல்லை. நான் ஒரு ஊரில் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நான்கு மூங்கில் கம்பு, இரண்டு பழைய சேலை. அன்றைக்கு எந்தப் பிஞ்சையில் வேலையோ அதன் ஓரத்தில் காலையில் முதல் வேலையாகத் தட்டி கட்டிவிடுவார்கள், சாயங்காலம் பிரித்துச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். முதல் வாரம் காட்டுக்காரர் முறைத்தார். பதினைந்து பேரும் சேர்ந்து நின்றதால் பேசாமல் போய்விட்டார். ஒருத்தியாக இருந்தால் அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றிருப்பார். நீங்களும் பதினைந்து பேர்தான்.

சேலை கட்டியாயிற்று என்றால் ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். மாத்திரையை இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் நிறுத்தாதீர்கள், சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்கள். குளிர்க்காய்ச்சலோடு விலாவில் வலித்தால், அல்லது மாசமாக இருக்கிற பெண்ணுக்கு நீர்க்கடுப்பு என்றால், கடையில் மாத்திரை வாங்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. அந்த ஆறு பேரும் சர்க்கரைக்கு ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள், அதுவும் இப்படித் திரும்பத் திரும்ப வர வைக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் நர்சு தங்குவதே இல்லை. காலையில் வந்து சாயங்காலம் டவுனுக்குப் போய்விடுகிறார். உங்கள் காலத்தில் இப்படியா இருந்தது? நீங்கள் உங்கள் ஆட்களை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை பக்கம்

பதில்: விட்டுக்கொடுக்கவும் மாட்டேன், பொய் சொல்லவும் மாட்டேன். தங்க வேண்டும் என்பதுதான் விதி. நான் தங்கினேன். எனக்குக் கொடுத்த துணை சுகாதார நிலையக் கட்டடத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீர் கிடையாது. மழை பெய்தால் தேள் வரும். தாழ்ப்பாளுக்கு நான் எழுதிய மனு இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது, எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று கேட்டு. கடைசியில் ஊர் ஆசாரிதான் போட்டுக் கொடுத்தார், அவர் மகள் பிரசவத்துக்கு ராத்திரி ஓடினேன் என்பதற்காக.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு நர்சு என்று கணக்கு. மாசமாக இருப்பவர்களின் பதிவு, அவர்களுக்குப் பிக்மி என்கிற அரசுப் பதிவு எண், புதன்கிழமை தடுப்பூசி, பள்ளிக்கூடம், காய்ச்சல் கணக்கு, இப்போது செல்போனில் ஆயிரத்தெட்டுப் பதிவு. உங்கள் ஊர் நர்சுக்கு ஊரில் ஒரு வீடு வாடகைக்குக் கொடுப்பீர்களா? எந்தச் சாதி என்று கேட்காமல் கொடுப்பீர்களா? இதைக் கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என்னிடம் கேட்டார்கள்.

இப்போது என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 1998-இல் அம்மா ஊர்ப் பொங்கலுக்கு ஒரு ராத்திரி, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டேன். அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. என் பூட்டிய கதவைத் தட்டிவிட்டு, ஊர் மருத்துவச்சியை வைத்துப் பார்த்தார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டிராக்டரில் போட்டுக் கொண்டு போய்ப் பிழைக்க வைத்தார்கள். ஒரு வருஷத்துக்கு அந்தத் தெருவில் எனக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அதனால் உங்கள் நர்சிடம் போய்ப் புகார் எழுதுவேன் என்று மிரட்டாதீர்கள். ராத்திரி அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, அவர் இல்லாத நாளை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டு, கட்டடத்துக் கதவில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். கிராம சபைக் கூட்டத்தில் அந்தக் கட்டடத்துக்குத் தண்ணீரும் விளக்கும் தாழ்ப்பாளும் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். அதைச் செய்த பிறகும் அவர் தங்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

கேள்வி: வலது காலில் ஒரு புண். மூன்று மாதமாக ஆறவில்லை. வலி இல்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுகிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்: பெயர் மட்டுமில்லை, ஊரையும் போடவில்லை. வயசு எழுதவில்லை, ஆணா பெண்ணா என்றும் தெரியவில்லை. வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. வலிக்க வேண்டிய புண் வலிக்கவில்லை என்றால் அங்கே உணர்ச்சி போயிருக்கலாம். பெரும்பாலும் சர்க்கரையாக இருக்கும். தொழுநோயாகவும் இருக்கலாம். அந்த வார்த்தையைப் பார்த்துப் பத்திரிகையை மூடிவிடாதீர்கள். அதற்கு மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணமாகும், வீட்டை விட்டு எங்கேயும் போக வேண்டியதில்லை. உடம்பில் வேறு எங்காவது வெளிறின தேமல் இருந்து, அதைத் தொட்டால் தெரியவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி வெறுங்காலோடு நடக்காதீர்கள், வாசலுக்குக்கூட. அடுத்த இதழில் விவரமாக எழுதுவேன் என்று காத்திருக்கவும் வேண்டாம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்புங்கள். கூட யார் வருவது என்று யோசித்து இன்னொரு வாரம் போக்காதீர்கள், தனியாகப் போகலாம். இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டியதில்லை. வீட்டில் பழைய மாத்திரை அட்டை ஏதாவது கிடந்தால் அதை எடுத்துப் போங்கள்.